மாடித்தோட்டக் குழுவில் கேள்வி கேட்பது, பதில் சொல்வது: என்ன ஒழுங்கு வைக்கலாம்?

மாடிமிளகாய், கோவை

வணக்கம். கோவையில் ஒரு மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். நானாகக் கேட்டு வாங்கியதில்லை, குழுவை ஆரம்பித்தவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நாற்பது ஐம்பது பேர்தான் இருந்தோம். விதைத் திருவிழாக்களில் நேரில் பார்த்துப் பழகியவர்கள் என்பதால், யார் எதை எழுதினாலும் எந்தத் தொனியில் சொல்கிறார் என்று புரிந்துவிடும். இப்போது அறுநூறு பேரைத் தாண்டிவிட்டது, பாதிப்பேர் யாரென்றே தெரியாது.

பிரச்சினை என்னவென்று ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா, "மிளகாய்ச் செடி இலை சுருளுது, என்ன பண்ணலாம்" என்று எழுதினார். அவ்வளவுதான் கேள்வி, படம் இல்லை. அரை மணி நேரத்துக்குள் பதில்கள் வந்து குவிந்துவிட்டன. வேப்பெண்ணெய் அடியுங்கள், புளித்த மோர் தெளியுங்கள், இஞ்சி பூண்டு கரைசல், நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), எதுவும் வேண்டாம் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வையுங்கள். அவர் பாவம், முதலில் கந்தகம் அடித்து, இரண்டு நாள் கழித்து வேப்பெண்ணெயும் அடித்திருக்கிறார். இலையெல்லாம் கருகிப்போய் படம் போட்டார். அதற்கு ஒருவர், "கந்தகம் அடித்த செடிக்கு எண்ணெய் அடிக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்று எழுதினார், இன்னொருவர் சிரிக்கும் பொம்மை போட்டார், அந்த அம்மா குழுவை விட்டே போய்விட்டார். கந்தகம் அடிக்கச் சொன்னவரும் எண்ணெய் அடிக்கச் சொன்னவரும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

இது போக, விடியற்காலையில் ஆரம்பிக்கும் காலை வணக்கப் படங்கள், தேதியே இல்லாத "அவசரம், ரத்தம் தேவை" ஃபார்வர்டுகள், நான்கு நிமிட வாய்ஸ் நோட்டுகள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழும் மனை விற்பனை விளம்பரம். விதிமுறை என்று நீளமாக ஒன்று குழு விவரத்தில் கிடக்கிறது, முந்தைய அட்மின் எழுதியது, யாரும் படிப்பதில்லை. அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடு என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் அப்புறம் அது நோட்டீஸ் போர்டுதான், குழு இல்லை.

இதையெல்லாம் அனுபவித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எதை விதியாக வைக்கலாம், எதைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம்?

வேர்முடிச்சு

சார், அந்த மிளகாய் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மொத்தப் பிரச்சினையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

"இலை சுருளுது" என்பது பாதிக் கேள்வி. இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. கீழ்நோக்கி வளைந்து, இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டு தொங்கினால் மஞ்சள் சிலந்தி, வலை பின்னும் சிலந்தி இல்லை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுயிர். இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, செடியே குட்டையாக நின்றுபோனால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் சரி. சிலந்திக்கு நனையும் கந்தகம் சரி. வைரஸுக்குப் பிடுங்குவது சரி. ஆக உங்கள் குழுவில் பதில் சொன்னவர்களில் யாருமே பொய் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு செடியை மனதில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் செடியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கந்தகத்துக்கும் எண்ணெய்க்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும் என்பதை அந்தப் பதில்களில் யாராவது ஒருவர் சேர்த்து எழுதியிருந்தால் செடி பிழைத்திருக்கும்.

இதில் கேள்வி கேட்டவரைத் திட்டுவது சுலபம். ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால் அவர் பாதிப் பதிலைத் தானே கண்டுபிடித்திருப்பார். எனவே என் கட்சி, ஒழுங்கை முதலில் பதில் சொல்பவர்களிடம் எதிர்பார்க்க வேண்டும். முதலில் வருபவர் மருந்து சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள், பகல் வெளிச்சத்தில் எடுங்கள், செடி வைத்து எத்தனை நாள், எவ்வளவு பெரிய பை, கடைசியாக எதை அடித்தீர்கள், எப்போது அடித்தீர்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மருந்து சொன்னால் அளவோடு சொல்லுங்கள். "கொஞ்சம் வேப்பெண்ணெய்" என்றால் ஒருவர் மூடியளவு ஊற்றுவார், இன்னொருவர் அரை டம்ளர் ஊற்றுவார். லிட்டருக்கு 5 மில்லி, தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபிறகு, இலையின் அடியில் படும்படி, முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்துப் பாருங்கள் என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதோடு இது நான் செய்து பார்த்ததா, எங்கேயோ படித்ததா என்பதையும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். எனக்கு மேலே ஒருவர் வேறு மருந்து சொல்லியிருந்தால் அதைப் படித்துவிட்டு, "அவர் சொன்னதோடு இதைச் சேர்த்து அடிக்காதீர்கள்" என்றும் எழுத வேண்டும். நம் ஆட்கள் மேலே இருப்பதைப் படிப்பதே இல்லை, நேராக வந்து தங்களுக்குத் தெரிந்ததைக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கேட்டவருக்கு ஒரே ஒரு கடமை வைப்பேன். பத்து நாள் கழித்து வந்து என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். சரியாயிற்றா, ஆகவில்லையா, செத்தே போயிற்றா. இது இல்லாததால்தான் எல்லாக் குழுக்களிலும் புளித்த மோர் எல்லா நோய்க்கும் மருந்தாக வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. நன்றி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, முடிவைச் சொல்லுங்கள் என்று அந்தப் பழைய விதிமுறைக்குப் பதிலாக இதை எழுதிப் போடுங்கள்.

சும்மாபார்ப்பவன்

காலை வணக்கப் படம் போடுபவர்களை விட்டுவிடுங்கள் பாஸ். எங்கள் குழுவில் தினமும் தாமரைப்பூ போடும் ஒரு தாத்தா ஒரு வாரம் போடவில்லை, அப்புறம்தான் அவர் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்தது. தனியாக ஒரு அரட்டைக் குழு ஆரம்பித்து அங்கே தள்ளிவிடுங்கள், கத்துவதற்கு ஒரு மொட்டைமாடி வேண்டாமா மனிதனுக்கு. மனை விளம்பரத்துக்கு மட்டும் ஒரே அடி, எச்சரிக்கையெல்லாம் கிடையாது, நீக்கம்.

பழையமடல்

இந்தச் சண்டை இணையத்தின் வயதுக்குச் சமம். கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

யூஸ்நெட் என்று ஒன்று இருந்தது, 1980களில் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆட்கள் கணினி வழியே பேசிக்கொண்ட இடம். ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்கள் வருவார்கள், கண்டபடி எழுதுவார்கள், பழையவர்கள் தலையில் குட்டிக் குட்டி ஒன்றிரண்டு மாதத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 1993க்குப் பிறகு ஏ.ஓ.எல். போன்ற இணைய இணைப்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள், வருகை நிற்கவே இல்லை, அதனால் "முடியாத செப்டம்பர்" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் நாற்பது பேர் அறுநூறு ஆன கதையும் இதுதான். பழையவர்கள் குட்டுவதை நம்பி இருந்தால் இனி வேலைக்கு ஆகாது, குட்டுபவர்களைவிட வருபவர்கள் அதிகம்.

1995 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1855 என்று ஒரு ஆவணம் வெளிவந்தது, இன்டெல் நிறுவனத்தில் இருந்த சாலி ஹேம்பிரிட்ஜ் எழுதியது. இணைய நாகரிகம் பற்றித் தொழில்நுட்ப ஆட்கள் உட்கார்ந்து எழுதிய வழிகாட்டி. இன்று படித்தாலும் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். ஒரு வரி 65 எழுத்தைத் தாண்டக் கூடாது, மடலின் அடியில் வரும் கையெழுத்துப் பகுதி 4 வரிக்குமேல் போகக் கூடாது என்பதெல்லாம் காலாவதியாகிவிட்டன. ஆனால் சங்கிலிக் கடிதம் அனுப்பாதே என்று அதிலேயே இருக்கிறது. கோபம் வந்தால் ஒரு இரவு பொறுத்திருந்துவிட்டுப் பதில் எழுது என்றும் இருக்கிறது. ஒரு குழுவில் சேர்ந்தால் ஒன்றிரண்டு மாதம் வெறுமனே படித்துவிட்டு அப்புறம் எழுது என்றும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை இன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியாது, செடி வாடும்போதுதான் குழுவையே தேடிக்கொண்டு வருகிறார்கள், இரண்டு மாதம் படித்துவிட்டுக் கேள் என்றால் செடி மண்ணாகிப் போயிருக்கும். ஆகவே அந்தப் படிப்பை நாம்தான் சுருக்கி அவர்கள் கையில் கொடுக்க வேண்டும், வேர்முடிச்சு சொன்னது சரி.

சிரிக்கும் பொம்மை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பிறந்ததே இப்படி ஒரு குழப்பத்தில்தான். 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்ட்டையும் பாதரசத்தையும் வைத்து ஏதோ வேடிக்கையாக எழுதிக்கொண்டிருந்தார்கள், அதைச் சிலர் நிஜமான அபாய எச்சரிக்கை என்று நினைத்துவிட்டார்கள். எது வேடிக்கை என்று குறித்துக் காட்ட ஒரு அடையாளம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, செப்டம்பர் 19ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் முற்றுப்புள்ளி இரண்டு, கோடு ஒன்று, அடைப்புக்குறி ஒன்று போட்டுக் காட்டினார். தன் பேச்சு யாரையும் புண்படுத்திவிடக் கூடாது என்று வைத்த அடையாளம். உங்கள் குழுவில் அதையே எடுத்து அடுத்தவரைப் புண்படுத்தப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தமிழ்க் குழுக்களிலும் இது புதிதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் மின்னஞ்சல் மடற்குழுக்களில் எழுத்துருதான் பெரிய தகராறு. ஒருவர் திஸ்கி என்ற எழுத்து முறையில் எழுதுவார், இன்னொருவர் வேறொன்றில், படிப்பவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் திரை முழுக்கப் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதனால் எதில் எழுதியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுதுவது மரியாதை. படிப்பவரால் படிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு அனுப்பும் அந்தப் பழக்கம், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு வந்ததும் போய்விட்டது. யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டபோது அந்தச் சண்டைகளும் சேர்ந்து போயின, அதற்காக நான் அழவில்லை, ஆனால் நடுவில் நல்ல கட்டுரைகளும் இருந்தன.

கத்தரிப்பூ

பழையமடல் ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் இதுவரை பேசியவர்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. நான் இருக்கும் ஒரு தோட்டக் குழுவில் கேள்வி கேட்டாலே, அதிலும் பெண் பெயர் இருந்தால், பத்து நிமிடத்தில் தனியாக மெசேஜ் வந்துவிடும். "வணக்கம் மேடம், நான் நேரில் வந்து பார்க்கவா", "உங்க மாடி எந்த ஏரியா", சிலர் நேராக வீடியோ கால். கேள்வி கேட்டது குழுவில், பதிலையும் குழுவில்தானே சொல்ல வேண்டும். இதனாலேயே எத்தனை பெண்கள் கேள்வியே கேட்காமல் சும்மா படித்துவிட்டுப் போகிறார்கள் தெரியுமா? அட்மின் தம்பி, மற்ற விதியெல்லாம் அப்புறம். கேட்காமல் தனி மெசேஜ் அனுப்பக் கூடாது, அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட்டை அட்மினுக்கு அனுப்பலாம், அடுத்த நிமிடம் ஆள் வெளியே. இதை முதல் வரியாகப் போடுங்கள். உங்களோடு ஒரு பெண்ணையும் அட்மினாக வையுங்கள், எல்லோராலும் ஒரு ஆணிடம் போய் இதைச் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும், அது அந்தச் செயலியின் அமைப்பு. டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம், குழுவுக்குள்ளேயே பூச்சி, விதை, அரட்டை என்று தலைப்பு தலைப்பாகப் பிரிக்கலாம், புதிதாக வருபவரும் பழைய பேச்சைத் தேடிப் படிக்கலாம். அறுநூறு பேர் என்றால் யோசித்துப் பாருங்கள். ஆனால் வயதானவர்கள் அங்கே வர மாட்டார்கள் என்பதும் உண்மை, என் அத்தையை இன்னொரு செயலிக்கு மாற்றுவதற்குள் எனக்கே வயதாகிவிடும்.

வாய்ஸ் நோட்டைத் தடை செய்யாதீர்கள். போனில் தமிழ் தட்டத் தெரியாதவர்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள், மண்ணைத் தொட்டு வளர்ந்தவர்கள், இவர்களிடம்தான் உருப்படியான விஷயம் இருக்கிறது. எழுது என்றால் அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். நான்கு நிமிடப் பேச்சைக் கேட்டுவிட்டு, கேட்ட ஒருவர் அதில் உள்ள சாரத்தை இரண்டு வரியில் கீழே எழுதிப் போட்டால் தீர்ந்தது. எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பிள்ளை இதைச் செய்கிறாள், அவளுக்குத்தான் எல்லோரும் முதலில் விதை கொடுக்கிறார்கள்.

அப்புறம் அந்த மிளகாய் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினீர்களா?

மாடிமிளகாய், கோவை

பேசினேன் அக்கா. கோபம் செடி போனதில் இல்லையாம், சிரித்ததில்தான். தனி மெசேஜ் விஷயத்தைக் குழுவில் இருக்கும் சில பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன், கேட்ட எல்லோருமே "ஆமா, வரும்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அதைத்தான் முதலில் சரி செய்யப் போகிறேன்.

இன்னொரு சந்தேகம். யாரோ ஒருவர் குழுவில் வதந்தியோ கெட்ட வார்த்தையோ போட்டால் அட்மின் மேல் கேஸ் வரும் என்று வருடாவருடம் ஒரு ஃபார்வர்டு வருகிறதே, அது உண்மையா?

கறுப்புக்கோட்டு

ஃபார்வர்டு சொல்வதுபோல் தானாக எல்லாம் வராது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடர்பான வழக்கில் இதைத் தொட்டிருக்கிறது. அட்மின் என்ற பொறுப்பைத் தவிர வேறு எதிலும் அவருக்குப் பங்கு இல்லையென்றால் வழக்கிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு மும்பை உயர் நீதிமன்றமும், 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் இதே போக்கில் சொல்லியிருக்கின்றன. அதற்காக விஷமப் பதிவு கண்ணில் பட்டும் பேசாமல் இருப்பதோ, நீங்களே அதற்குக் கைதட்டுவதோ வேறு விஷயம். அட்மினுக்கு மற்றவர்கள் போட்டதை எல்லோருக்குமாக அழிக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் மேல் வழக்கு என்று வந்தால் நேரில் ஒரு வக்கீலைப் பாருங்கள், இங்கே கேட்காதீர்கள்.

குருதிக்கொடை, வேலூர்

ரத்தம் தேவை ஃபார்வர்டு பற்றி அட்மின் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், எனக்கு அதில்தான் பேச வேண்டியது இருக்கிறது. ரத்ததானம் ஒருங்கிணைக்கும் வேலையில் இருக்கிறேன்.

"அவசரம். நாளை காலை ஆபரேஷன். ஓ நெகட்டிவ் தேவை. உடனே ஷேர் செய்யவும்." இதில் நாளை என்பது எந்த நாளின் நாளை? ஒருமுறை எழுதி அனுப்பினால் அது வருடக்கணக்கில் சுற்றும். நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், இல்லை இறந்தே போயிருப்பார், அந்த எண்ணுக்கு மட்டும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அம்மாவை இழந்த ஒருவருக்கு ஒரு வருடம் கழித்தும் "சார், உங்க அம்மாவுக்கு ரத்தம் கிடைச்சிருச்சா" என்று போன் வந்திருக்கிறது, எடுத்துப் பேசுபவர் என்ன பதில் சொல்வார்? போன் செய்தவரும் நல்ல மனசோடுதான் செய்கிறார். அடுத்த தடவை நிஜமான அவசரத்துக்கு அதே ஆள் போனை எடுக்கவே யோசிப்பார், எங்களுக்கு அதுதான் பெரிய இழப்பு. தானம் செய்யும் ஆள் எண்ணிக்கையே குறைவு, ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கவும் முடியும். பழைய செய்தியை நம்பி ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தால் அந்தச் சலிப்பு எளிதில் போகாது.

ஆகவே உங்கள் குழுவில் இப்படி ஒரு விதி வைக்கலாம். ரத்தம் கேட்டு எழுதினால் தேதி, மாதம், வருடம், நேரம், மருத்துவமனை, ஊர், எத்தனை யூனிட் எல்லாம் இருக்க வேண்டும். அனுப்புபவர் அந்த எண்ணுக்குத் தானே ஒருமுறை போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லையென்றால் அனுப்பக் கூடாது. கிடைத்ததும் அந்தச் செய்தியை எல்லோருக்குமாக அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பியதை அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது, திருத்துவதற்குத்தான் 15 நிமிடம். நோயாளியின் படத்தைப் போடவே வேண்டாம். மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் படத்தை ஊரெல்லாம் பார்ப்பதை அவர் விரும்புவாரா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை.

ஃபார்வர்டு என்றாலே லேசாக எடுத்துக்கொள்ள எங்கள் பக்கத்து ஆட்களால் முடியாது. 2018 ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வட மாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப்பில் படமும் குரல் பதிவும் பரவியது. மே மாதத்தில் போளூர் அருகே கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் செத்துப்போனார். அந்த வருடம் நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்தபிறகுதான், ஜூலையில், வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்தது. அந்தப் படங்களை அனுப்பியவர்கள் எல்லோரும் அக்கறையில்தான் அனுப்பினார்கள், "எதற்கும் இருக்கட்டும்" என்று. அந்த "எதற்கும் இருக்கட்டும்" என்ற நினைப்போடு ஒருவர் குழுவில் எதைப் போட்டாலும், எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். சண்டை போட வேண்டாம். சாதாரணமாக, "இது யார் சொன்னது அண்ணா, எப்போ" என்று கேட்டாலே போதும், அடுத்த தடவை யோசிப்பார்.

சும்மாபார்ப்பவன்

அண்ணா சொன்னதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நான் சொன்ன அந்த அரட்டைக்கான மொட்டைமாடிக் குழுவிலும் ஃபார்வர்டுக்குத் தடை போட்டுவிடுங்கள், தாமரைக்கு மட்டும் விலக்கு.

வேர்முடிச்சு

திருத்துவது பற்றி ஒன்று சேர்க்கிறேன், முதலில் விட்டுப்போனது. குழுவில் ஒருவர் தவறான தகவல் சொன்னால் அதைக் குழுவிலேயே திருத்த வேண்டும், ஏனென்றால் அறுநூறு பேர் படித்துவிட்டார்கள். ஆனால் திருத்துவது தகவலை மட்டும். "கந்தகம் அடித்திருந்தால் எண்ணெய்க்கு இரண்டு வாரம் பொறுங்கள்" என்று எழுதினால் எல்லோருக்கும் பயன். "சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்பதில் செடிக்கு என்ன தகவல் இருக்கிறது? ஆளைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் தனியாக அட்மினிடம் சொல்லட்டும். பெரியவர்கள் சிலருக்குப் பொதுவில் திருத்தினால் முகம் சுண்டிப்போகும், அவர்களிடம் முதலில் தனியாகப் போன் பேசி, "ஐயா, இதை நீங்களே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்களேன்" என்றால் நன்றாகவே செய்வார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

மாடிமிளகாய், கோவை

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதை வைத்து ஒன்று எழுதியிருக்கிறேன், பழையதைத் தூக்கிவிட்டு இதைக் குழுவின் மேலே தெரியும்படி 'பின்' (pin) செய்யலாமென்று இருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"குழுவில் கேட்டதற்குக் குழுவிலேயே பதில் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் யாருக்கும் தனியாக மெசேஜோ காலோ செய்யக் கூடாது, செய்தால் உடனே நீக்கப்படுவீர்கள், புகாரை எந்த அட்மினிடமும் சொல்லலாம். செடியைப் பற்றிக் கேட்கும்போது முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் மூன்றையும் பகலில் படமெடுத்துப் போடுங்கள், வைத்து எத்தனை நாள், கடைசியாக என்ன அடித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை, கேளுங்கள், நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். மருந்து சொல்பவர்கள் மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டு அளவோடு சொல்லுங்கள். பத்து நாள் கழித்து என்ன ஆனது என்று வந்து சொல்லுங்கள். தேதி இல்லாத ரத்த வேண்டுகோள், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஃபார்வர்டு, விளம்பரம் மூன்றும் அழிக்கப்படும். காலை வணக்கமும் அரட்டையும் மொட்டைமாடிக் குழுவில். வாய்ஸ் நோட் அனுப்பலாம், அதைக் கேட்டவர் யாராவது சாரத்தை இரண்டு வரியில் எழுதி உதவுங்கள்."

இன்னொரு அட்மினாக ஒரு அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். பின் செய்த அன்றைக்கே சிலர் முறுக்கிக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கத்தரிப்பூ

நன்றாக இருக்கிறது. "நீக்கப்படுவீர்கள்" என்பதை "நீக்குவோம்" என்று மாற்றுங்கள், கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அந்த அக்காவின் பெயரையும் அதிலேயே போடுங்கள், யாரிடம் போக வேண்டும் என்று தேட வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் பின் செய்யும்போது எவ்வளவு காலம் என்று கேட்கும், 30 நாள்தான் அதிகபட்சம், மாதாமாதம் திரும்பப் பின் செய்ய வேண்டியிருக்கும், காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.